பால் பிளேட்டில் வளையம் போடாத காலனி

பால்பவுடர் கலந்த அகாரில் (கிருமி வளர்க்கிற ஜெல்லி) ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற தொண்டைப்புண் பாக்டீரியாவை வளர்த்தால், மறுநாள் அதன் காலனிகளை, அதாவது கிருமி கூட்டமாகப் பெருகிய புள்ளிகளைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு வளையம் தெரியும். இந்தக் கிருமி வெளியே விடுகிற ஸ்பீ-பி என்ற புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் என்சைம்), பாலிலுள்ள கேசின் புரதத்தைத் தின்று தீர்த்த இடம் அது. படிக்கிற காலத்தில் ஒரே பிளேட்டில் இரண்டு ஐசோலேட் (நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த கிருமி) போட்டிருந்தேன், ஒன்று தொண்டையிலிருந்து எடுத்தது, இன்னொன்று ரத்தத்திலிருந்து. தொண்டைக் கிருமிக்கு நல்ல அகலமான வளையம். ரத்தத்துக் கிருமியைச் சுற்றி வெறும் வெள்ளை. லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன் போல என்று திரும்பப் போட்டேன். அதே கதைதான்.

என்சைம் நிறைய விடுகிற கிருமிதான் நிறையக் கெடுதல் செய்யும் என்பது என் மனக்கணக்கு. அதில் தப்பும் இல்லை, இந்தக் கிருமியின் பட்டறையே அப்படி. இன்டர்லூகின்-8 என்ற சமிக்ஞைப் புரதத்தை வெட்டி வெள்ளையணுக்களுக்குப் போகிற அழைப்பையே அறுக்க ஒன்று, ஆன்டிபாடியை நடுவில் இரண்டாக நறுக்க இன்னொன்று. நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் தங்கள் டிஎன்ஏவையே வலையாக வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும் (2004இல்தான் இது வெளியே தெரிந்தது), அந்த வலையை அறுக்க எஸ்டிஏ1 என்ற டிஎன்ஏஸ், அதாவது டிஎன்ஏவை வெட்டும் என்சைம்.

இதில் எனக்குப் பிடித்தது ஸ்ட்ரெப்டோகைனேஸ். 1933இல் டில்லெட்டும் கார்னரும் கண்டுபிடித்தது. பெயரைப் பார்த்து என்சைம் என்று நினைப்போம், ஆனால் அது தானாக எதையும் வெட்டாது. நம் ரத்தத்திலுள்ள பிளாஸ்மினோஜென் என்ற தூங்கும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை உசுப்பிவிடும், அப்புறம் வெட்டுகிற வேலையெல்லாம் அதிலிருந்து வருகிற நம் பிளாஸ்மினுடையது. கிருமியைச் சிறைவைக்க உடம்பு கட்டிய ரத்த உறைவை உடம்பின் கத்தியாலேயே கரைக்கிறது! மாரடைப்புக்கு இதையே மருந்தாகக் கொடுத்ததும் இதனால்தான். எலியின் பிளாஸ்மினோஜெனிடம் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது, ஆனால் மனித பிளாஸ்மினோஜென் மரபணுவைப் புகுத்திய எலிகள் இந்தக் கிருமியிடம் எளிதில் மாண்டுபோயின.

சரி, வளையம் போடாத காலனிக்கு வருகிறேன். ஸ்பீ-பி ஒரு கண்மூடித்தனமான வெட்டி. நம் புரதம், தன் புரதம் என்று பார்க்காது, கிருமியின் சொந்த மேற்பரப்பிலுள்ள எம் புரதம், ஸ்ட்ரெப்டோகைனேஸ், எஸ்டிஏ1 எல்லாவற்றையும் சேர்த்தே மென்றுவிடும். கோவ்-ஆர்எஸ் என்ற கட்டுப்பாட்டு மரபணு ஜோடியில் ஒரு மியூட்டேஷன் விழுந்தால் ஸ்பீ-பி ஏறக்குறைய நின்றுபோகிறது, மற்ற ஆயுதங்களின் உற்பத்தி கூடுகிறது, செய்ததும் வீணாகாமல் மிஞ்சுகிறது. கிருமியின் மேற்பரப்பில் பிளாஸ்மின் சேர்கிறது, வலை அறுபடுகிறது, கிருமியைச் சுற்றியுள்ள உறையும் தடிக்கிறது. ஒரு என்சைமை விட்டுக்கொடுத்து ரத்தத்துக்குள் நுழைகிறது.

அந்த மியூட்டேஷன் தற்செயலாகத்தான் விழுகிறது, ஆனால் அதைப் பொறுக்கி எடுப்பது நம் நியூட்ரோஃபில்கள். எலியின் தோலுக்கடியில் செலுத்திய எம்1 வகைக் கிருமிகளில், தாக்குதலுக்குத் தப்பி எழுந்தவற்றில் ஸ்பீ-பி இல்லாதவை பெருகியிருந்தன. வலையை அறுக்கிற எஸ்டிஏ1இன் மரபணுவைக் கிருமியிலிருந்து நீக்கிவிட்டுச் செய்தபோது அந்த மாற்றம் தலைதூக்கவில்லை. என் கண்ணில் இதுதான் மொத்தக் கதையிலேயே அழகான சோதனை.

அப்படியானால் எல்லாக் கிருமியும் ஏன் இப்படி மாறிவிடவில்லை என்று அன்று கேட்டேன். மாறியவை தொண்டையில் சரியாக ஒட்டாது, எச்சிலில் தடுமாறும், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவ அவற்றால் லேசில் முடியாது. ரத்தத்துக்குள் போனது பெரும்பாலும் அந்த ஆளோடு முடிந்துவிடுகிறது, தொண்டையில் இருப்பதுதான் வளையம் போட்டுக்கொண்டே ஊர் சுற்றுகிறது.