வாடகையில்லா வாசல் வீடு

வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க உட்கார்ந்தவன், எங்கெங்கோ போய் 1374-ஆம் வருஷத்து லண்டன் ஒப்பந்தம் ஒன்றில் மாட்டிக்கொண்டேன். குடியேறியவர் ஜெஃப்ரி சாசர். ஆமாம், ‘கேன்டர்பரி கதைகள்’ எழுதிய அந்த ஆங்கிலக் கவிஞரேதான். அப்போது அவர் மூன்றாம் எட்வர்டு மன்னரின் அரண்மனைப் பணியாளர். வீடு, நகர மதிலின் ஆல்ட்கேட் வாசலுக்கு மேலே. கீழே நிலவறையும் உண்டு. ஆயுள் முழுக்க இருக்கலாம், வாடகை கிடையாது!

ஆனால் நிபந்தனைகளைப் பாருங்கள். மராமத்துச் செலவு அவருடையது. நகராட்சி ஆள் வந்து சோதிப்பார். பழுது இருந்தால் 40 நாளில் சரிசெய்ய வேண்டும். உள்வாடகைக்கு விடக்கூடாது (அந்தக் காலத்திலேயே!). நகரத்தைக் காக்க வேண்டிய நிலை வந்தால் நகராட்சியே உள்ளே புகுந்துகொள்ளும். பதிலுக்கு நகராட்சி கொடுத்த வாக்குறுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: அவர் உயிரோடு இருக்கும்வரை அந்த வாசலைச் சிறைச்சாலையாக்க மாட்டோம்.

1381-இல் நடந்த விவசாயிகள் கிளர்ச்சியில், பக்கத்து எசெக்ஸ் மாவட்டத்துக் கிளர்ச்சிக்காரர்கள் அதே ஆல்ட்கேட் வழியாகத்தான் ஊருக்குள் நுழைந்தார்கள்.

பிறகு 1399 டிசம்பர் 24-இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் தோட்டத்தில் இன்னொரு வீடு. இந்த முறை வாடகை உண்டு, வருஷம் 53 ஷில்லிங் 4 பென்ஸ். குத்தகைக் காலம் 53 வருஷம். மனுஷனுக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது. அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

எனக்கு 11 மாசம்தான் தந்திருக்கிறார்கள்.