பதிவு எண்தான் முதல் உறுப்பு

2021 ஜூனில் பத்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள், ஒன்பதாம் வகுப்பை ஆண்டுத் தேர்வே எழுதாமல் தாண்டியவர்கள். அந்த பிப்ரவரியிலேயே 9, 10, 11 வகுப்புகளுக்கு ஆல் பாஸ் என்று சட்டமன்றத்தில் அறிவித்துவிட்டார்கள். யாருக்கு எது தெரியும் என்று துப்பு கிடைக்காமல் முழித்தேன். கொரோனாவால் பள்ளி பூட்டியிருந்தது, கையில் இருந்தது ஒரு வாட்ஸ்அப் குழு. விழுப்புரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார்.

முதல் பாடம் உறவுகளும் சார்புகளும். கூகுள் ஃபார்மில் ஒரு மதிப்பெண் கேள்விகள் வைத்தேன். வகுப்பே முழு மதிப்பெண். நான் இல்லாத இன்னொரு குழுவில் விடைகள் ஓடிக்கொண்டிருந்தன என்பது பிறகு தெரிந்தது. கோபம் வரவில்லை. ஒரே கேள்வியை எல்லாருக்கும் கொடுத்தால் அதுதான் நடக்கும்.

அடுத்தது கூட்டுத் தொடர்வரிசை, அதாவது ஒவ்வோர் எண்ணோடும் ஒரே அளவைக் (பொது வித்தியாசம்) கூட்டி அடுத்த எண்ணுக்குப் போகும் வரிசை. கேள்வியை இப்படிப் போட்டேன்: "உன் வருகைப் பதிவு எண்தான் முதல் உறுப்பு. பொது வித்தியாசம் 3. இருபதாவது உறுப்பு என்ன?" பதிவு எண்ணோடு 57-ஐக் கூட்டினால் விடை. ஆளுக்கொரு விடை என்பதால் காப்பியடிக்க வழியில்லை. எனக்கோ கூகுள் ஷீட்டில் ஒரு சூத்திரம் போட்டு இழுத்துவிட்டால் திருத்தும் வேலை முடிந்தது. தவறான விடைகள்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தன. 14-ஆம் எண் பையன் 71-க்குப் பதிலாக 74 என்று அனுப்பினால், 19-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 20-ஆல் பெருக்கியிருக்கிறான் என்று அர்த்தம். எங்கே வழுக்கினான் என்பது அந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

சரியான விடை போட்டவர்களிடம் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். "ஏன் 19? ஒரு நிமிஷத்துக்குள்ள சொல்லு." ஒரு பையன், "ஃபார்முலால அப்படித்தான் சார் இருக்கு" என்றான். ஒரு பெண், பின்னால் குக்கர் விசில் அடிக்க, "மொதோ நம்பர்தான் ஏற்கெனவே கையில இருக்கே சார். அதுலேர்ந்து இருவதாவதுக்குப் போக பத்தொம்பது தடவ தாவுனா போதும்ல" என்றாள். தாளில் இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான் விழுந்திருக்கும். பட்டன் போன் வைத்திருந்த வீடுகளுக்கு நானே கூப்பிட்டு இதையே கேட்டேன். ஃபார்மைவிட அந்த அழைப்புகளில்தான் விஷயம் இருந்தது.

நேரம் பெரிய தலைவலி. போன் அப்பாவுடையது, அவர் வேலைக்குப் போய்விடுவார். அதனால் மாலை ஆறுக்குக் கேள்வி, மறுநாள் காலைவரை அவகாசம். விரிவான விடைகளைத் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புவார்கள். குண்டு பல்பு வெளிச்சத்தில் பென்சில் கோடு தெரியவே தெரியாது. "விடிஞ்சதும் வாசல்ல வச்சு எடுங்க, போட்டோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று சொன்ன பிறகு படம் தெளிந்தது. ஸ்கேன் செய்ய கூகுள் டிரைவையே பழக்கினேன். முன்பு எல்லாரும் வைத்திருந்த கேம்ஸ்கேனர், 2020 ஜூனில் மத்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளோடு போய்விட்டது.

இருபடிச் சமன்பாடு வந்தபோது போட்டோமேத்தும் வந்தது. கேமராவைக் காட்டினால் படிப்படியாகத் தீர்த்துக் கொடுக்கும் செயலி. கண்டுபிடிப்பது சுலபம்: எங்கள் பிள்ளைகள் மூலங்களை, அதாவது சமன்பாட்டின் விடைகளை, 3, −5 என்று வெறுமனே எழுதுவார்கள், செயலியோ எக்ஸுக்குக் கீழே குட்டியாக 1, 2 போட்டுத் தனித்தனியாகக் காட்டும். அந்தக் குட்டி எண்கள் அப்படியே தாளில் இறங்கியிருந்தன. தடை போடவில்லை. "செயலி மூணாவது வரியில என்ன பண்ணுச்சு, ஏன்?" என்று வாய்ஸில் கேட்டேன். சிலர் மறுபடி உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். அது எனக்குப் போதும்.

போன் கைவிட்ட இடம் செய்முறை வடிவியல். செப்டம்பர் 1 பள்ளி திறந்ததும் அடிப்பக்கம், உச்சிக்கோணம், நடுக்கோடு கொடுத்து முக்கோணம் வரையச் சொன்னேன். படத்தில் அச்சுப்போல அனுப்பியவர்களில் பலருக்கு, கோணத்தை அடிப்பக்கத்துக்குக் கீழே குறிக்கப் பாகைமானியை எப்படித் திருப்பி வைப்பது என்றே தெரியவில்லை. முடிந்த படம்தான் என்னிடம் வந்தது, கை போன வழி வரவில்லை. அந்த வாரம் முழுக்கக் காம்பஸும் பாகைமானியும்தான்.

பதிவு எண் கேள்வியை மட்டும் விடவில்லை. நெருக்கியடித்து உட்காரும் வகுப்பறைக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது.