பாங்காக் சந்தையில் பேரம்

போச்சம்பள்ளி சந்தையில் அம்மா பேரம் பேசுறதைப் பார்த்து வளர்ந்தவன் நான், போன மாதம் பாங்காக் போனப்போ அதுதான் கைகொடுத்தது. சனி, ஞாயிறு கூடும் சத்துசாக் சந்தையில் மொழி தெரியாவிட்டாலும் கவலையில்லை, கால்குலேட்டர் போதும்: ஒரு துணிப்பைக்குக் கடைக்கார அக்கா 350 பாத் என்று தட்டிக் காட்ட, நான் 200 என்று தட்ட, அவங்க சிரிச்சுக்கிட்டே அழிச்சுட்டு 280 போட, 'லொட் நொய் தாய் மை', அதாவது கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டதும் 250க்குப் படிந்தது. சாப்பாட்டுக் கடையில் மட்டும் பேரம் பேசாதீங்க, எழுதிப்போட்ட விலைதான். அப்புறம், கேட்ட விலைக்குத் தரேன்னு சொன்ன பிறகு வேண்டாம்னு நகர்ந்து போகாதீங்க, அது வியாபாரியை ரொம்பவே நோகடிக்கும். அந்தப் பையில்தான் அம்மா இந்த வாரம் தக்காளி வாங்கி வந்தாங்க.