சனிக்கிழமை மாத்திரையும் பெங்களூரு பஸ்ஸும்

எனக்கு முடக்குவாதம். டாக்டர்கள் ஆர்.ஏ. என்பார்கள். வயசானால் வருகிற மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. நோயோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி திரும்பி நம் மூட்டுச் சவ்வையே தாக்குகிறது. நான் இருப்பது கிருஷ்ணகிரி பக்கத்துக் காவேரிப்பட்டணத்தில், வேலை மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுவது, டாக்டர் பெங்களூரில். எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் களி இல்லாத வீடு இல்லை. கொதிக்கிற உலையில் ராகி மாவைக் கொட்டித் துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்ட, மணிக்கட்டில் நல்ல பலம் வேண்டும். இப்போது அந்த வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. வெந்நீரில் கையை வைத்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் சட்டை பட்டனே போட வரும். அதனால் விடியற்காலை பஸ் எனக்குச் சரிப்படாது.

என் மருந்துகளில் முக்கியமானது, அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே நாள் போடுவது. இதைத் தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஒருமுறை மருந்துக் கடையில் கவர் மேல் ‘இரவு 1’ என்று எழுதிக் கொடுத்தார்கள். மற்ற மாத்திரைகளுக்கு எழுதுகிற அதே கை வேகம். விவரம் தெரியாத ஒருவர் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்றிலிருந்து கடையிலேயே நின்று, ஸ்ட்ரிப் முதுகில் மார்க்கரால் ‘சனி’ என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் நகர்வேன். இதே மாத்திரை 2.5, 5, 7.5, 10, 15 மில்லிகிராம் என்று பல அளவில் வரும். 7.5 இல்லை, 15 இருக்கு, அதே மருந்துதான் என்று நீட்டுவார்கள். வாங்காதீர்கள். வீட்டில் மாமியாரின் பிரஷர் மாத்திரை இருக்கும் ஏழு நாள் டப்பா பக்கமே இதை வைப்பதில்லை. தனி டப்பா, தனி அலமாரி.

சனிக்கிழமை ராத்திரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஞாயிறு லீவு என்பதுதான். மறுநாள் தலை கனக்கும், சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டும். ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை மற்ற நாட்களில்; அது இருப்பதால் குமட்டல் எவ்வளவோ குறைவு. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், காதுகுத்து என்று யார் கூப்பிட்டாலும் வீட்டுக்காரர் மட்டும்தான் போவார். சொந்தக்காரர்களுக்கு வருத்தம் உண்டு. இருக்கட்டும்.

ஈரலையும் ரத்த அணுக்களையும் கவனிக்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு. மாத்திரை போட்ட மறுநாளே ரத்தம் கொடுத்தால் ஈரலின் நிலையைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு சும்மாவே கொஞ்சம் ஏறிக் காட்டும். அதனால் அடுத்த மாத்திரைக்குக் கொஞ்சம் முன்னால் கொடுக்க வேண்டும். பரிசோதனை இருக்கும் வாரம் எனக்கு இப்படி ஆனது: வியாழன் ரத்தம், வெள்ளி ரிப்போர்ட், சனி மாத்திரை, ஞாயிறு படுக்கை. ரத்தத்தை இங்கேயே கொடுத்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். டாக்டர் வா என்றால்தான் பஸ்.

கிருஷ்ணகிரி ஊருக்குள் ரயில் இல்லை. தர்மபுரிக்காரர்கள் ஓசூர் வழியாகப் போகும் ரயிலைப் பிடிக்கலாம். எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு. நமக்கு பஸ்தான். ஏறும்போது கம்பியை இறுக்கிப் பிடிக்க முடியாது, முழங்கையைக் கொடுத்துத்தான் ஏற வேண்டும். “ஏம்மா, சீக்கிரம் ஏறும்மா” என்பார் கண்டக்டர். “கையில வாதம்ங்கண்ணா, ஒரு நிமிஷம்” என்று சொன்னால் பெரும்பாலும் அவரே பையை வாங்கிக்கொள்வார். பார்க்க நன்றாக இருக்கிறவள் ஏன் இப்படி என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. நடுப்பக்கம், நடைவழி ஓர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, ஓசூர் வரும் முன் முட்டியை நான்கைந்து தடவை நீட்டி மடக்கிவிடுவேன். இல்லாவிட்டால் பெங்களூரு மடிவாளாவில் இறங்கும்போது கால் நகராது.

திரும்பி வரும்போது ஊசி மருந்து கூட வரும். இதே நோய்க்கான அடலிமுமாப், 40 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2014 டிசம்பரில் இந்தியக் கம்பெனியே இதைத் தயாரித்து விற்க ஆரம்பித்த பிறகுதான் என்னைப் போன்றவர்கள் இதன் பெயரையே உச்சரிக்க முடிந்தது. அதுவும் சீப் இல்லை. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலும் போச்சு. அதனால் ஐஸ் ஜெல் மேல் நேராக வைக்காமல் ஒரு துண்டில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து மடியிலேயே வைத்துக்கொள்வேன். டிரைவர் பக்கத்து இன்ஜின் மூடி மேல் பையை வைக்கச் சொல்வார்கள். அந்தச் சூடு போதும், மருந்தைக் கெடுக்க. வீட்டில் ஃபிரிட்ஜின் நடுத்தட்டு. ஃப்ரீசரும் வேண்டாம், கதவும் வேண்டாம். காய்ச்சலோ சளியோ இருந்தால் டாக்டருக்கு போன் போட்டுக் கேட்காமல் ஊசி போடுவதில்லை. உள்ளூர் டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையே மெத்தோட்ரெக்சேட் போடுகிறேன் என்பதுதான். சிறுநீர்த் தொற்றுக்கு எழுதும் கோட்ரைமாக்சசோல் இதனோடு சேரக் கூடாது.

நான் போடும் இன்னொரு மாத்திரை ஹைட்ராக்சிகுளோரோகுயின். அதற்கு ஒரு கதை உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு அது நல்லது என்று ஊரே அள்ளியது. அரசு அதை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஹெச்1 பட்டியலில் போட்டது. எங்களுக்கோ சீட்டு இருந்தும் கடையில் மாத்திரை இல்லை. அப்போதிருந்து ஒரு மாத ஸ்டாக் கூடுதலாக இருக்கும். ஸ்டீராய்டும் அப்படித்தான், திடீரென்று நிறுத்தவே கூடாத மருந்து. பயணத்தில் பாதியைக் கைப்பையில், பாதியைப் பெரிய பையில் பிரித்து வைப்பேன்.

வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் ஆரம்பித்தது. மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. என் மாத்திரைகள் அந்தப் பையில் இல்லை. வந்தால் பெங்களூரு போக்குவரத்து பாதியாகும்.

மே பிறந்தால் ஃபேக்டரி வாசலில் மாங்காய் லாரிகள் வரிசை கட்டும், லீவு கேட்க முடியாது. அதனால் ஏப்ரல் கடைசியிலேயே டாக்டரைப் பார்த்துவிட்டு, ஜூலை வரைக்குமான சீட்டை வாங்கி வந்துவிடுகிறேன்.