ஒரே ஒரு மூலக்கூறுக்குள் மின்சாரம்

இரண்டு நாளாக மண்டைக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது, எழுதிவிடுகிறேன். பிரான்சின் கிரெனோபிள் நகரில் 2012இல் ஒரே ஒரு காந்த மூலக்கூறை வைத்து டிரான்சிஸ்டர் செய்தார்கள். இரண்டு தட்டையான தாலோசயனின் வளையங்கள் (நீல பெயின்ட்டில் இருக்கும் சாயத்தின் குடும்பம்தான்), நடுவில் டெர்பியம் என்ற அரிய மண் உலோகத்தின் ஒரு அயனி.

இந்த மூலக்கூறுக்கு இரண்டு பக்கமும் மின்முனை வேண்டுமே, அதற்கு மெல்லிய தங்கக் கம்பியில் மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தங்க அணுக்கள் நகர்ந்து, கம்பி அறுந்து, சுமார் ஒரு நானோமீட்டர் இடைவெளி விழும். அதில் ஒரு மூலக்கூறு உட்கார்ந்தால் அதிர்ஷ்டம். அப்புறம் தனிச்சுழி வெப்பநிலைக்குப் (சுமார் -273 டிகிரி செல்சியஸ்) பக்கத்தில் கொண்டுபோய்க் குளிர்விக்க வேண்டும்.

மூலக்கூறு வழியாக எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகத்தான் போக முடியும். உள்ளே இருப்பது அடுத்ததை வாசலிலேயே தள்ளி நிறுத்திவிடும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். எலக்ட்ரான் டெர்பியத்துக்குள் போவதில்லை, வளையம் வழியாகவே கடக்கிறது. ஆனாலும் வெளியிலிருந்து கொடுக்கும் காந்தப்புலத்தை மாற்றிக்கொண்டே போகும்போது டெர்பியத்தின் காந்தம் தலைகீழாகத் திரும்பியதும் மின்கடத்தலில் சட்டென்று ஒரு தாவல் தெரிகிறது, அது காந்தப்புலத்தின் எந்த அளவில் வருகிறது என்று பார்த்தால் டெர்பியத்தின் அணுக்கரு தன் நான்கு சுழல் நிலைகளில் எதில் இருக்கிறது என்பதே தெரிந்துவிடுகிறது. ஒற்றை அணுக்கருவை மின்சாரத்தால் படித்திருக்கிறார்கள்! 2017இல் இதே வகை மூலக்கூறில், குவாண்டம் கணினிக்கான குரோவரின் தேடல் வழிமுறையையும் நடத்திக் காட்டினார்கள்.