மிஸ்ட் மவுண்டன் ஃபார்மேஷன்: ஸ்ட்ராட்டிகிராஃபி (பாறை அடுக்கியல்) தேர்வுக்கு நான் படித்த விதம்

தமிழ்நாட்டில் ஜியாலஜி முடித்துவிட்டு மேற்படிப்புக்குக் கனடா வருகிறவர்களுக்கு நிலக்கரி என்றால் உடனே நினைவுக்கு வருவது இரண்டுதான்: பெர்மியன் காலத்துக் கோண்டுவானா, மயோசீன் காலத்து நெய்வேலி. நான் கால்கரியில் படித்தபோது எங்கள் தாளில் அதிகம் அடிபட்ட பெயர் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஜுராசிக் முடிந்து கிரெட்டேசியஸ் தொடங்கும் வேளையில், சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மிஸ்ட் மவுண்டன் ஃபார்மேஷன். (ஃபார்மேஷன் என்றால் தனியாகப் பிரித்தறியக்கூடிய பாறை அடுக்குத் தொகுதி.) பிரிட்டிஷ் கொலம்பியாவின் எல்க் பள்ளத்தாக்கில் இன்றும் வெட்டி எடுப்பது இந்த நிலக்கரியைத்தான். இதை எப்படிப் படிப்பது என்று ஜூனியர்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

பெயர்களை மனப்பாடம் செய்து தொடங்காதீர்கள். கீழிருந்து மேலே ஏறுங்கள். அடியில் ஃபெர்னி ஃபார்மேஷன், கடலடிச் சேறு இறுகிய ஷேல். அதன்மேல் மோரிஸி, கரையோர மணல். இதன் மேற்பகுதி மலைச்சரிவில் செங்குத்தாக நிற்பதால் தூரத்திலிருந்தே தெரியும். அடுத்து மிஸ்ட் மவுண்டன்: ஆறுகள், சதுப்புகள், நிலக்கரி. சில இடங்களில் 600 மீட்டருக்கும் மேல் தடிமன். அப்புறம் எல்க் ஃபார்மேஷன். மோரிஸி, மிஸ்ட் மவுண்டன், எல்க் மூன்றும் சேர்ந்ததுதான் கூட்டனே குரூப். அதற்கும் மேலே, இடையில் அரிப்பால் விட்டுப்போன காலத்தைத் தாண்டி, கடோமின் கூழாங்கல் பாறை. மேற்கே மலைகள் எழும்பின, அங்கிருந்து வந்த வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளியது. இந்த ஒரே கதை பிடிபட்டுவிட்டால் பெயர்களின் வரிசை தானாக வந்துவிடும்.

கோர் (துளையிட்டு எடுத்த உருளைப் பாறை) பார்த்து எழுதும் தேர்வில் பலர் முதல் வரியிலேயே 'ஆற்றுச் சமவெளி' என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் கண்ணில் பட்டதை எழுதுங்கள், முடிவு பிறகு. நிலக்கரிக்கு நேர் கீழே உள்ள களிப்பாறையை நனைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு மயிரிழை மாதிரி வேர்த்தடங்கள் கீழ்நோக்கிக் கிளை பிரிந்து இறங்கும். செடி அங்கேயே முளைத்து நின்றதற்குச் சாட்சி அது. நிலக்கரி ஊசி ஊசியாக உதிர்ந்தால் எல்க் ஃபார்மேஷனாக இருக்கலாம் என்று சந்தேகியுங்கள். அங்கேதான் அந்த வகை அதிகம்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஜுராசிக்-கிரெட்டேசியஸ் எல்லையை இந்த அடுக்குகளில் எங்கே போடுவீர்கள் என்பது. 1947-இல் ஃபெர்னி ஊருக்குப் பக்கத்தில், கோல் க்ரீக்கில், சுமார் 1.4 மீட்டர் அகலமுள்ள அம்மோனைட் (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடல் உயிரியின் புதைபடிவம்) ஒன்று கிடைத்தது. நிலக்கரிக்குக் கீழே உள்ள கடல் மணற்கல் ஜுராசிக்கின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது என்று அதை வைத்துச் சொல்லலாம். மேலே போனால் கடல் இல்லை, அம்மோனைட்டும் இல்லை. இலைத்தடங்களையும் மகரந்தத்தையும் வைத்துத்தான் காலம் சொல்ல வேண்டும். அதனால் ஒரே கோடாக வரையாமல், பட்டையாகக் காட்டிக் காரணத்தை எழுதுங்கள். உலக அளவிலேயே இந்த எல்லைக்கு இன்னும் அதிகாரபூர்வமான அடையாள இடம் முடிவாகவில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

நிலக்கரியின் தரம் பற்றிக் கேட்டால்: பெரும்பாலும் மீடியம் வொலடைல் பிட்டுமினஸ் (சூடாக்கினால் நடுத்தர அளவில் வாயு வெளியேறும் வகை), எஃகு ஆலைகளுக்கான கோக்கிங் ரகம், கந்தகம் குறைவு. கடல்நீர் படாத நன்னீர்ச் சதுப்பு என்பதால்தான் கந்தகம் குறைவு என்று இணைத்து எழுதுங்கள். கணக்கு வந்தால் கவனம் தேவை. ராக்கி மலைகள் உருவானபோது அடுக்குகள் மடிந்தும், உடைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் போயிருக்கின்றன. ஒரே சீம் (நிலக்கரி அடுக்கு) ஒரு ஆய்வுத் துளையில் இரண்டு முறை வரலாம். சாய்வுக்குத் திருத்தாமல் தடிமனை எழுதினால் இருப்பு அளவு எகிறிவிடும்.

சுரங்கத்தின் மனித விலையை யாரும் தனியாகக் கேட்பதில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். 1914-இல் ஆல்பர்ட்டாவின் ஹில்க்ரெஸ்ட் சுரங்க வெடிவிபத்தில் 189 பேர் இறந்தார்கள். அவர்கள் வெட்டியதும் கூட்டனே நிலக்கரியைத்தான். இன்றைய பிரச்சினை செலினியம் என்ற தனிமம்: வெட்டிக் குவித்த கழிவுப்பாறையில் காற்றும் நீரும் படும்போது அது கரைந்து எல்க் ஆற்றில் கலக்கிறது, மீன்களைப் பாதிக்கிறது. சுற்றுச்சூழல் தாளுக்கு இது நேரடியாக உதவும்.

பயிற்சிக்குக் கனடா நிலவியல் ஆய்வுத் துறையின் பழைய அறிக்கைகள் போதும், இணையத்தில் இலவசம். அவற்றில் உள்ள செக்ஷன் (அடுக்குகளின் நெட்டுவெட்டு) படங்களில் ஃபார்மேஷன் பெயர்களைக் காகிதத்தால் மறைத்துவிட்டு, எல்லைகளை நீங்களே பென்சிலால் குறித்து, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.