செயின்ட் ஹெலினா தீவின் செங்கல் தேவாலயம்

முதலில் டாக்சிக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. அமெரிக்காவில் தெற்குக் கரோலினாவின் பியூஃபர்ட் ஊரிலிருந்து செயின்ட் ஹெலினா தீவு பக்கம்தான். 40 டாலர் என்று பேசி ஏறினேன். வழியில் படகு போவதற்காக ஆற்றுப் பாலம் திறந்துகொண்டது; 20 நிமிடம் நின்றோம். இறங்கும்போது, காத்திருந்ததற்கு இன்னும் 15 டாலர் கேட்டார் ஓட்டுநர். பாலம் திறந்ததற்கு நான் என்ன செய்ய? ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு அது. கொடுத்துத் தொலைத்தேன். இந்தப் பக்கம் வருவதென்றால் கார் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பிரிக் பாப்டிஸ்ட் தேவாலயத்தைப் பார்த்ததும் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. உயரமான செங்கல் கட்டடம், கோபுரம்கூடக் கிடையாது. 1855-இல் அடிமைகள் கட்டியது. ஆனால் கட்டியவர்களுக்குக் கீழே உட்கார இடமில்லை. கீழே பருத்தித் தோட்ட முதலாளிகள்; இவர்களுக்கு மேல்மாடம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861 நவம்பர் 7 அன்று வடக்கு மாநிலங்களின் கடற்படை பக்கத்திலிருந்த போர்ட் ராயல் கோட்டைகளைச் சுட்டுத் தள்ளியதும், முதலாளிகள் போட்டது போட்டபடி ஓடினார்கள். மாடத்தில் இருந்தவர்கள் கீழே இறங்கி வந்தார்கள். கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து அந்த மாடத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த ஆண்டே இதே கூடத்தில், விடுபட்ட அடிமைகளுக்காகத் தொடங்கிய பென் பள்ளியின் வகுப்புகள்! அடிமைகளுக்கான லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரும் முன்பே எழுத்துப் படிக்க உட்கார்ந்துவிட்டார்கள். பிலடெல்பியாவில் பிறந்த கறுப்பின ஆசிரியை ஷார்லட் ஃபோர்ட்டன் இங்கே பாடம் நடத்தியிருக்கிறார். எதிரே இருக்கும் பென் வளாகத்தில்தான் 1960-களில் மார்ட்டின் லூதர் கிங் தன் இயக்கத்தாரோடு வந்து தங்கிப் பேசினார். தேவாலயம் இப்போது தேசிய வரலாற்றுப் பூங்காவின் ஒரு பகுதி, நுழைவுக் கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாடும் நடக்கிறது, அதனால் அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள்.

அப்புறம் கல்லறைத் தோட்டம். ஓக் மரங்களிலிருந்து சாம்பல் நிறப் பாசி சடை சடையாகத் தொங்குகிறது. சாய்ந்துபோன ஒரு கல்லின் அடியில் வெளுத்த சங்கு ஒன்று, வாய்க்குள் மழைத் தண்ணீரும் ஓர் இலையும். இந்தக் கடலோரத்து ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த குல்லா மக்கள் கல்லறைமேல் சங்கும் கிளிஞ்சலும் வைப்பது பழைய வழக்கம். கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்களின் உயிர் கடல் வழியே திரும்பும் என்பது நம்பிக்கை. அரை மணி நேரம் அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை. இதையெல்லாம் தாண்டி நேரே ஹண்டிங் தீவுக் கடற்கரைக்கு வண்டியை விடுகிறவர்களை என்ன சொல்வது!

பிறகு சாப்பாடு. தக்காளியில் வெந்த சிவப்புச் சோறு, இறால், வெண்டைக்காய் போட்ட கம்போ என்ற கெட்டிக் குழம்பு. கம்போ என்ற பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அப்படி ஒரு ருசி! ஒரு தட்டு இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். பாதியைக் கட்டி வாங்கிக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாடு அதுதான், போன 15 டாலர் அப்படித் திரும்பி வந்தது.